டெலியாவின் சட்டி

பாட்ஸி கிழவர் கையை விடுவதாக இல்லை. மலாக்கியின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு, "மனசு ஆறல மலாக்கி, மனசு ஆறவே மாட்டேங்குது" என்று மறுபடியும் ஆரம்பித்தார். அப்போதுதான் சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இரும்பின்மேல் இரும்பு உரசுகிற சத்தம்.

மலாக்கிக்குப் பகீரென்றது. அந்த வீட்டில் அப்படிச் சத்தம் போடுகிற மூடி ஒன்றுதான் உண்டு. டெலியாவின் கறிச்சட்டி மூடி. விளிம்பில் ஒரு ஓரம் உடைந்து, கொஞ்சம் திருகினால்தான் திறக்கும். அந்தச் சட்டியை அவர் பின்கட்டில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால், ஒரு பழைய சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தார். அதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

எழுந்திருக்கப் பார்த்தார். பாட்ஸி விட்டால்தானே.

"உக்காருப்பா, உக்காரு. எங்களுக்காக எல்லாம் நீ எழுந்திருக்க வேணாம்."

எங்கள் விக்லோ மலைப்பக்கம் துக்க வீட்டில் இதுதான் முறை. சவப்பெட்டி முன்னறையில் திறந்தபடி இருக்கும். தலைமாட்டில் போட்ட நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறவர்கள் வரிசையாக வந்து கை கொடுத்து, எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அடக்கம் முடியும்வரை இறந்தவரைத் தனியாக விடக்கூடாது, யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். வீட்டுக்காரர் வேறு ஒரு வேலையும் செய்யக்கூடாது. அடுப்படி அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொந்தம். இந்த முறையில் மலாக்கி இதுவரை ஒரு குறையும் கண்டதில்லை. அடுத்தவர் வீட்டுச் சாவுகளுக்கெல்லாம் போய் அவரும் கை கொடுத்துவிட்டு, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்தான்.

பெட்டிக்குள் டெலியா தன் நீல உடுப்பில், விரல்களில் ஜெபமாலை சுற்றியபடி கிடந்தாள். யாரோ அவள் தலைமுடியை வகிடு மாற்றி வாரியிருந்தார்கள். அதைக்கூட அவரால் சரிசெய்ய முடியவில்லை.

திங்கட்கிழமை சாயந்தரம் அவள்தான் அந்தச் சட்டியில் ஸ்டூ வைத்தாள். ஆட்டின் கழுத்துக் கறி, எலும்போடு. அடியில் மெல்லிசாக அரிந்த உருளைக்கிழங்கு, அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். மேலே முழுக் கிழங்குகள், அவை ஆவியில் வேகும். நடுவில் வெங்காயம், ஒரு கொத்து தைம் இலை, உப்பு, தண்ணீர். அவ்வளவுதான். மலாக்கி மந்தையை அடைத்துவிட்டு வந்து, மணம் தாங்காமல் மூடியைத் திருகியபோது கரண்டியால் அவர் விரலில் ஒரு அடி போட்டாள்.

"கைய எடு. நாளைக்குத்தான் ருசி வரும். இன்னிக்கு ரொட்டியும் முட்டையும்தான்."

"பசிக்குதுடி."

"பசிக்கட்டும். செத்தா போயிடுவ?"

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலுறையை மாட்டிக்கொண்டு, அடுத்ததைக் கையில் எடுத்தாள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். மலாக்கி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் வந்து, இதயம் என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்.

உலகத்தின் மறுகோடியில், பெர்த்தில் இருக்கும் மகன் ஃபின்டனுக்கு அவர்தான் போன் செய்தார். அங்கே அவன் வேலை செய்கிற சுரங்கத்தின் இரைச்சல் பின்னால் கேட்டது. அப்புறம் அந்த இரைச்சலும் இல்லை, எங்கேயோ ஒதுங்கிப் போயிருக்கிறான். பிறகு பேசியது இதைத்தான்.

"நேத்துதானப்பா அம்மாகிட்ட பேசினேன். ஸ்டூ கொதிக்குதுடா, மணம் அங்க வருதான்னு கேட்டாங்க. வருதுன்னு சொன்னேன்."

"ம்."

"அது இருக்காப்பா?"

"எது?"

"அம்மா வெச்சது."

"இருக்குடா. யாரும் தொடல."

"எனக்கு எடுத்து வைக்கிறியா?"

நாற்பதை நெருங்குகிற ஆள் ஒரு சிறுபிள்ளை மாதிரி கேட்டான். மலாக்கி, "வெக்கிறேன். நீ பத்திரமா வந்து சேரு" என்றார். வாழ்நாளில் அவர் மகனுக்குக் கொடுத்த வாக்குகளில் இதுபோல எளிதானது வேறு இல்லை. சட்டி நிறைய இருக்கிறது, பின்கட்டில் நவம்பர் குளிர் இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் விமானம் வந்துவிடும். ஒரு சட்டியைக் காப்பாற்ற முடியாதா என்ன?

முடியாது போலிருந்தது. சமையலறையில் இப்போது கிண்ணங்கள் மோதிக்கொள்ளும் ஓசை கேட்டது.

"பாட்ஸி, கொஞ்சம் டெலியா பக்கத்துல இரு. இதோ வந்துடறேன்" என்று கையை உருவிக்கொண்டு எழுந்தார்.

வரிசையில் நின்றவர்கள் வழியிலேயே ஆளுக்கொரு முறை கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதாள். அவள் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒருவழியாகச் சமையலறை வாசலை எட்டியபோது உள்ளே பெண்கள் ஐந்தாறு பேர். அவர்களுக்கு நடுவே, டெலியாவின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அடுப்பருகே பிலோமினா நின்றாள்.

பிலோமினா அடுத்த பண்ணைக்காரி. டெலியாவின் உயிர்த்தோழி, பரம வைரி, இரண்டும் அவள்தான். செவ்வாய்க்கிழமை மலாக்கி போட்ட சத்தத்துக்கு முதலில் ஓடிவந்தவள் அவள். அதிலிருந்து வீட்டுக்கே போகவில்லை. சாவு வீட்டு வழக்கப்படி ஜன்னலைத் திறந்து வைத்தது, கடிகாரத்தை நிறுத்தியது, கண்ணாடிக்குத் துணி போட்டது, டெலியாவின் இன்னொரு காலில் காலுறையை மாட்டிவிட்டது எல்லாம் அவள்தான்.

"இங்க என்ன உனக்கு வேல?" என்றாள் பிலோமினா.

"இல்ல, அந்தச் சட்டி…"

"பாத்தேன். உருளைக்கிழங்குக்குப் பின்னால போய் வெச்சிருக்க, எலி கிலி விழுந்தா? நல்லவேள நான் பாத்தேன். சூடு பண்ணிட்டேன், நீ கவலப்படாத."

"கவல இல்ல பிலோமினா. அது வந்து…"

"மழையில நனைஞ்சுகிட்டு அந்த மலை ரோட்டுல எவ்வளவு பேர் வந்திருக்காங்க பாரு. வெறும் சாண்ட்விச்சக் குடுத்து அனுப்பினா டெலியா என்ன விடுவாளா? எழுந்து வந்து சண்ட போடுவா. நீ போ. போய் உன் எடத்துல உக்காரு."

சொல்லிவிட்டால் என்ன? "அது என் பிள்ளைக்கு. யாருக்கும் கொடுக்காதே." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் கிண்ணம் நீட்டிக்கொண்டு நனைந்த கோட்டோடு நாலு பேர் நின்றார்கள். அந்த வீட்டில் வந்தவருக்குச் சோறு இல்லை என்று டெலியா ஒருநாளும் சொன்னதில்லை. அவள் பெட்டிக்குள் கிடக்கும் நாளிலா அவர் அதைச் சொல்வது? ஒருத்தி அவர் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, கையில் ஒரு கோப்பைத் தேநீரையும் கொடுத்து, வந்த வழியே அனுப்பி வைத்தாள். சொந்த வீட்டுச் சமையலறையிலிருந்து, சொந்தக் கோப்பையோடு.

அவர் நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் முதல் கிண்ணம் பாட்ஸிக்கு வந்துவிட்டது. கிழவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எலும்பை உறிஞ்சினார்.

"அட அட. இந்தக் கைக்கு இனிமே எங்க போவோம்! பாத்தியா மலாக்கி, கடைசிவரைக்கும் ஒரு துண்டு காரட் போட்டாளா? அவ வைராக்கியம் யாருக்கு வரும்!"

"நல்லாருக்கா?" என்று கேட்டார் மலாக்கி. கேட்கவேண்டியதுதானே.

"நல்லாருக்காவா? இன்னொரு கிண்ணம் கேக்கலாம்னு இருக்கேன்."

அந்த நிமிஷம் பாட்ஸியின் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும் போல மலாக்கிக்கு ஆத்திரம் வந்தது. எண்பது வயதுக் கிழவர், டெலியாவைச் சின்னப் பெண்ணாக அறிந்தவர், உண்மையிலேயே அழுதவர். அவர்மேல் போய் இப்படி ஒரு ஆத்திரம். தன்மேலேயே மலாக்கிக்கு வெறுப்பாக இருந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டு டெலியாவின் மாறிப்போன வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரட் விஷயத்தில் டெலியா வைத்திருந்தது வைராக்கியம்தான். அவள் குடும்பம் மலை உச்சிக் குடும்பம். அவர்கள் காலத்தில் குட்டிகளை விற்றுத்தான் குத்தகைப் பணம் கட்ட வேண்டும், கம்பளி கொடுக்கிற ஆட்டை வெட்ட முடியாது, குட்டியும் போடாமல் கம்பளியும் இல்லாமல் போன கிழட்டு ஆடு மட்டும்தான் வீட்டுக்கு. அந்த ரப்பர் கறி வேக ஒரு பகல் ஆகும். கூடப் போட, கல் பொறுக்கிய பாத்தியில் விளைகிற கிழங்கும் வெங்காயமும் தவிர வேறு கிடையாது. "எங்க ஆளுங்க எதுவும் இல்லாம கண்டுபிடிச்சது இது. அதுல போய் இனிப்புக் கெழங்க நறுக்கிப் போட்டா அவங்களக் கேலி பண்ற மாதிரி" என்பாள். பிலோமினா கீழே வெக்ஸ்ஃபோர்டு சமவெளியில் பிறந்தவள், அங்கே மண் கறுப்பு, எதை ஊன்றினாலும் வரும். அவள் ஸ்டூவில் காரட் மிதக்கும். "உன் ஸ்டூ செத்தவன் மூஞ்சி மாதிரி வெளுத்துக் கெடக்கு" என்பாள் அவள். "உன்னுது சர்க்கஸ் கோமாளி மாதிரி இருக்கு" என்பாள் இவள். வாரம் தவறாமல் இந்தச் சண்டை நடக்கும். அம்மாவின் கட்சியில் ஃபின்டன் உறுதியானவன். சின்ன வயதில் பிலோமினா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், ஒவ்வொரு காரட் துண்டாகக் கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் மீதியைத் தொடுவான். பிலோமினா தலையில் அடித்துக்கொள்வாள். டெலியா வீட்டுக்கு வந்து சிரிசிரியென்று சிரிப்பாள்.

கிண்ணங்கள் வந்துகொண்டேயிருந்தன. முன்னறையில், வராந்தாவில், மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டார்கள். யாரும் மலாக்கிக்கு ஒரு கிண்ணம் கொண்டுவரவில்லை. பெண்டாட்டி பெட்டிக்குள் கிடக்கும்போது எவன் சாப்பிடுவான் என்று அவர்களாக முடிவு செய்து, தேநீராகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "திங்கட்கிழமை சாயந்தரத்துலருந்து அந்த மணத்துக்கு நான் காத்துகிட்டு இருக்கேன்" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இருட்டத் தொடங்குகையில் பங்குச் சாமியார் ஜெபமாலை சொல்ல வந்தார். எல்லாரும் இருந்த இடத்திலேயே முழங்காலிட்டார்கள். சமையலறைக்குப் போகிற வழி முழுக்க முதுகுகள். "அருள் நிறைந்த மரியே" என்று சாமியார் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியை முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்புக்கு நடுவே சமையலறையிலிருந்து வேறொரு ஓசை வந்தது. கத்தியால் எதையோ சுரண்டுகிற ஓசை. சரக், சரக். உருளைக்கிழங்கின் தோல் சீவினால் அப்படிக் கேட்காது. மலாக்கிக்குப் புரிந்துவிட்டது.

ஜெபம் முடிந்து கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் பிலோமினாவே ஒரு தட்டில் ஹாம் சாண்ட்விச்சோடு அவரிடம் வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"ஒரு வாயாவது சாப்பிடு. அப்புறம் கேளு, டெலியா சட்டி நாலு மணிக்கே தீந்துபோச்சு. விட்டேனா? எங்க வீட்டுலருந்து கறியும் கெழங்கும் எடுத்துட்டு வரச் சொல்லி அதே சட்டியில புதுசா வெச்சுட்டேன். இந்த வீட்டுல இல்லன்னு யாரும் சொல்லிடக் கூடாது."

"அடியில…" மலாக்கி தட்டை வாங்கிக்கொண்டார். "அடியில கொஞ்சமாவது இருந்துச்சா?"

"அடியிலயா? இருந்ததையெல்லாம் ரொட்டியால வழிச்சு பாட்ஸிக்குக் குடுத்துட்டு, சட்டிய நல்லா தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் புதுசு வெச்சேன். நான் என்ன அழுக்குப் பிடிச்சவளா?"

மலாக்கி அவளைப் பார்த்தார்.

"காரட்டும் போட்டிருக்கேன்" என்றாள் பிலோமினா. "அவ சட்டியிலயே. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட அவ அதுக்கு விட்டதில்ல. இன்னிக்குப் போடும்போது நெனச்சேன், இப்ப எழுந்து வந்து என் கையப் புடிப்பான்னு." சிரித்தாள். சிரித்தபடியே பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "வரல மலாக்கி. நான் நறுக்கிக்கிட்டே இருந்தேன், அவ வரவேயில்ல."

டெலியாவின் ஏப்ரனைத் தூக்கி முகத்தில் பொத்திக்கொண்டு அவள் அழுத அழுகைக்கு முன்னால், மலாக்கி தான் சொல்ல வைத்திருந்த எல்லாவற்றையும் விழுங்கினார். தட்டிலிருந்த சாண்ட்விச்சை எடுத்து ஒரு கடி கடித்தார். "நல்லாருக்கு பிலோமினா" என்றார்.

மறுநாள், வியாழக்கிழமை காலையில், பெட்டியை மூடப்போகும் நேரத்துக்குத்தான் ஃபின்டன் வந்து சேர்ந்தான். தோளில் ஒரு பை, கசங்கிய மெல்லிய சட்டை, அந்த ஊர் வெயிலில் கறுத்த முகம். அம்மாவின் நெற்றியில் கைவைத்தவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். அத்தனை குளிரை அவன் எதிர்பார்க்கவில்லை. அப்புறம் மறுபடி வைத்தான். தானாகவே அவன் விரல்கள் அவள் முடியைக் கோதி, வகிட்டைப் பழைய பக்கத்துக்குக் கொண்டுவந்தன.

பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடக்கும்போது அப்பாவும் மகனும் முன்பக்கம், பக்கத்துக்கு ஒருவராகத் தோள் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவே பலகை மட்டும்தான்.

"அப்பா, அது இருக்கில்ல?" என்று ஃபின்டன் மெதுவாகக் கேட்டான்.

"இருக்கு" என்றார் மலாக்கி.

கல்லறையில் எல்லாம் முடிந்து, ஊர் ஓட்டலில் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, எல்லாரிடமும் மறுபடி கை கொடுத்துவிட்டு வீடு திரும்பியபோது பிற்பகலாகிவிட்டது. வீட்டில் ஒருவரும் இல்லை. பிலோமினா அடுப்படியைத் துடைத்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, ஏப்ரனைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். சட்டி அடுப்பின் ஓரத்தில் இளம்சூட்டில் இருந்தது.

"ஆட்டையெல்லாம் ஒரு பார்வ பாத்துட்டு வரேம்ப்பா" என்று ஃபின்டன் வெளியே போனான்.

மலாக்கி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மூடியைத் திருகித் திறந்தார். ஆரஞ்சு ஆரஞ்சாக, கண்ணைப் பறித்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தேடிப்பிடித்து ஒரு தட்டில் போட ஆரம்பித்தார். பெரியவை வந்தன. சிறியவை கரண்டியில் படுவதற்குள் கறிக்குள் ஒளிந்துகொண்டன. நேற்றிலிருந்து வெந்து வெந்து சில கரைந்தே போயிருந்தன. குழம்பின் நிறமே மாறியிருந்தது, அதை எந்தக் கரண்டியால் எடுப்பது? வெளியே வாயிற்கதவு கிறீச்சிட்டது. தட்டில் சேர்ந்ததை அள்ளி அடுப்பின் நெருப்பில் போட்டு அதன் கதவை மூடினார்.

ஃபின்டன் உள்ளே வந்து, பழைய இடத்தில், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மலாக்கி கிண்ணத்தில் ஊற்றினார். மேலாக ஊற்றினார், அடியைக் கலக்காமல். தனக்கும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

ஃபின்டன் குனிந்து மூக்கைக் கிண்ணத்தின் மேல் கொண்டுபோனான். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு கரண்டியைக் கிண்ணத்துக்குள் விட்டான். கரண்டியில் ஒரு உருளைக்கிழங்கும், அதன்மேல் ஒட்டிக்கொண்டு ஒரு காரட் துண்டும் வந்தன.

அடுப்புக்குள் ஏதோ சீறியது. மலாக்கி தன் கிண்ணத்தையே பார்த்தார்.

"அம்மா காரட் போட்டிருக்காங்க" என்றான் ஃபின்டன்.

"ம். டாக்டர் சொன்னாரு. கண்ணுக்கு நல்லதுன்னு."

"அம்மா டாக்டர் பேச்சக் கேட்டாங்களா?"

"கேட்டா. கடைசியில… கொஞ்ச நாளா."

ஃபின்டன் கரண்டியை அப்படியே பிடித்தபடி அப்பாவைப் பார்த்தான். அவருடைய கோட்டுக் கையின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. அதைப் பார்த்தான். கொக்கியில் தொங்கிய ஏப்ரனைப் பார்த்தான். பிறகு கரண்டி மெதுவாகக் கிண்ணத்தின் விளிம்புவரை போய், அங்கே கொஞ்சம் நின்றது.

"எனக்குன்னு எடுத்து வெச்சிருந்தியாப்பா?"

"ஆமாண்டா."

ஃபின்டன் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனான். மென்றான். விழுங்கினான்.

"ஆறிடப் போகுது, நீயும் சாப்பிடுப்பா" என்றான்.

இருவரும் சாப்பிட்டார்கள். வெளியே மழை விட்டு ஆடுகள் கத்தத் தொடங்கியிருந்தன. சாப்பிட்டு முடித்து ஃபின்டன் எழுந்து போனபிறகு, மலாக்கி அவன் கிண்ணத்தைக் கழுவக் கையில் எடுத்தார். அதன் விளிம்பு சுத்தமாக இருந்தது.